ஒன்பது நாளும் ஒரே எண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு போன் பேச்சின் நடுவில் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலருக்கும் கவுன்ட்டருக்கும் இடையே தொடர்பு அறுந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயம். நான் எழுதியது சரிதானா என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டையில் அதே வேலை பார்க்கும் ரேணுகாதேவியின் எண்ணை நண்பர் ஒருவர் கொடுத்தார்.

ஒவ்வொரு வரியாக வாசித்தேன். 'தகவல் தொடர்பு இழப்பு' என்றதும் சிரித்துவிட்டார். "லைன் செத்துப்போச்சுன்னு போடுங்க சார். எல்லாருக்கும் புரியும்." குறித்துக்கொண்டேன். அடுத்த வரி இது: 'தொடர்பு இல்லாத நேரத்தில், கடைசியாகக் கிடைத்த எண்ணே திரையில் தக்கவைக்கப்படும்.'

மறுமுனையில் சத்தமே இல்லை. ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கேன் சார். அந்த வரிய அப்படிச் சாதாரணமா எழுதிட்டுப் போயிறாதீக. அதுக்குக் கீழ ஒரு கோடு போடுங்க."

ஏன் என்று கேட்டேன். நான்கு நாட்களில், நான்கு தவணையாகச் சொன்னார்.

(கோடு போட்டுத்தான் கொடுத்தேன். அச்சில் எடுத்துவிட்டார்கள்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: 'திருச்சுழிப் பக்கத்து வெயில் கருவேலங்காட்டின் மேல்...' விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் வெயிலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது: 'பால்ச்சாமி ஊர் கூடும் மந்தையில் காலில் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை...' இது நல்ல தொடக்கம்தான். படிக்கிறவரைப் பிடித்து இழுக்கும். ஆனால் ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவரை நீங்கள் முதன்முதலாகப் பார்க்கும்போதே தரையில் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நிற்கும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே மூன்றாவது. பால்ச்சாமி மோட்டார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கையில் பதிவேடு. குடிநீர்த் தொட்டி வளாகத்தில் ஒப்பந்த ஆபரேட்டராகச் சேர்ந்து ஏழு வருடம். ரேணுகாவின் ஸ்கூட்டி உள்ளே வந்தபோது வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி.

(போனில் நான் 'நீங்கள்' என்று பேசிய ரேணுகாவைக் கதைக்குள் 'அவள்' ஆக்கிவிட்டேன். கதை எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். பால்ச்சாமியை 'அவர்' என்றே வைத்திருக்கிறேன். அவர் ஊரில் பாதிப்பேர் அவரை அப்படிச் சொன்னதில்லை.)

3

முதலில் அந்த வளாகத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடியில் ஒரு குழி. அதற்குள் பெரிய குழாய் ஒன்று ஆறாகப் பிரிகிறது, ஆறு ஊர்களுக்கு. ஒவ்வொரு குழாயிலும் போகிற தண்ணீரை எண்ண ஒரு கவுன்ட்டர். ஆறு கவுன்ட்டர்களையும் மெல்லிய ஒயர் ஒன்று கோத்துக்கொண்டுபோய் மோட்டார் அறையிலுள்ள கன்ட்ரோலரில் சேர்கிறது. எவ்வளவு போயிருக்கிறது என்று கன்ட்ரோலர் கேட்கும், கவுன்ட்டர் சொல்லும். அறுபதாயிரம் லிட்டரைத் தாண்டியதும் அந்த ஊரின் வால்வு தானாக மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். ஐந்து ஊர்களுக்கு ஐந்து மணிக்கு. ஆறாவது ஊருக்கு எட்டு மணிக்கு.

அந்த ஆறாவது ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்க்கிறவர்களே 'கடேசி ஊரு' என்றுதான் சொல்கிறார்கள். பால்ச்சாமிக்கும் அதுதான் சொந்த ஊர்.

"நாலு நாளா தண்ணி போகலைங்கிறீக," என்றாள் ரேணுகா. "ஸ்கிரீன்ல முழுசாப் போயிருக்குன்னு காட்டுதேண்ணே?"

"காட்டுதும்மா. ஆனா வால்வு தொறக்க மாட்டேங்குது. எட்டு மணிக்கு டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும்ல, அது கேக்கல. காலையில வந்து பாத்தீகன்னா ஒங்களுக்கே தெரிஞ்சிரும்."

"காலையில பாலவனத்தத்துல மில்லு வேலை இருக்குண்ணே. இந்த வாரம் பூராம் வர முடியாது."

கையால் திறக்கும் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி என்ஜினியரிடம். கேட்டதற்கு, 'மிஷின் போதுங்கும்போது நீ எதுக்குத் தொறக்கணும்?' என்றாராம்.

அவள் குழிக்குள் இறங்கினாள். அடியில் கொஞ்சம் ஈரமண். ஆறாவது கவுன்ட்டரின் கண்ணாடியில் 60,034. மேலே வந்து திரையைப் பார்த்தாள். அங்கேயும் 60,034. மடிக்கணினியை மாட்டி ஒயரைச் சோதித்தாள். நூறு முறை கேட்டது, நூறு முறை பதில் வந்தது. இதற்குமேல் ஒரு டெக்னீசியன் என்ன பார்ப்பாள்?

பதிவேட்டை வாங்கி எழுதினாள்: 'சோதித்தேன். லைன் நன்றாக இருக்கிறது. குறை ஏதும் இல்லை.' கையெழுத்து, தேதி.

"வேற எதுவும் கோளாறு இருக்குமாம்மா?" என்றார் பால்ச்சாமி.

"எனக்குத் தெரிஞ்சு இல்லண்ணே."

அவர் தலையாட்டினார். அவள் வண்டியைத் திருப்புகிறவரை பக்கத்திலேயே நின்றார், வேறு ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி. [இந்த இடத்தில் அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது. ரேணுகாவுக்கும் தெரியாது.]

4

இனி வருவதை ரேணுகா பார்க்கவில்லை. பால்ச்சாமியின் மனைவி அழகுத்தாய் பிற்பாடு அவளிடம் சொன்னது.

கடைசி ஊரின் மேல்நிலைத் தொட்டி இரண்டாம் நாளே காலி. நல்லமுத்து தன் தோட்டத்து போர் மோட்டாரை ஊருக்குத் திறந்துவிட்டார். ஊரில் நாலு வார்த்தை பேசினால் எடுபடும் குடும்பம் அவருடையது. கொளுத்துகிற மாசத்தில் குடம் குடமாக எல்லாரும் அங்கேதான் பிடித்தார்கள், பால்ச்சாமியின் தெருவும் சேர்த்து.

தண்ணீர் புறப்பட்டுவிட்டதாக மிஷின் சொல்கிறது. ஊருக்கு வந்து சேரவில்லை. அப்படியென்றால் நடுவில் எங்கே போனது? யாரோ திருச்சுழி ரோட்டில் ஒரு தண்ணீர் லாரியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். (எந்த ஊரிலும் யாராவது ஒருவர் ஒரு லாரியைப் பார்த்திருப்பார்.) என்ஜினியரிடம் போய்க் கேட்டார்கள். அவர் பதிவேட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டார். லைன் நன்றாக இருக்கிறது. குறை ஏதும் இல்லை. கையெழுத்து, தேதி.

மிஷினில் குறை இல்லை என்றால் ஆளில் குறை. சனிக்கிழமையிலிருந்து பால்ச்சாமியின் தெரு போர் மோட்டாரில் குடம் வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. யார் சொன்னது என்றால் ஒருவரும் இல்லை. ஆனால் குடத்தோடு போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். நாற்பது வீடு. அடுத்த ஊருக்கு மூன்று கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை குருவம்மாள் என்ற எட்டு மாதக் கர்ப்பிணி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். அவளை ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குத் தெருக்காரர்கள் பால்ச்சாமி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். யாரும் திட்டவில்லை. சும்மா நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் மந்தைக்குப் போனார்.

அந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவர் அழுதார். ஒன்றில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நிமிர்ந்து நின்றார். ஒன்றில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் 'வேண்டாம் எந்திரிப்பா' என்றது. மூன்றும் பொய். அழகுத்தாய் சொன்னது இவ்வளவுதான்: "எடுத்தேன்னும் சொல்லல, எடுக்கலன்னும் சொல்லல. தப்பு நடந்திருந்தா மன்னிச்சிருங்கன்னாரு. பெறகு விழுந்தாரு."

எத்தனை பேர் காலில் என்று ரேணுகா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

5

புதன்கிழமை விடிந்ததும் ரேணுகாவின் போன் அடித்தது. மல்லாங்கிணற்றில் அவள் வீட்டில் அப்போதுதான் பால் காய்ந்துகொண்டிருந்தது.

"தாயி, நான் ஆபரேட்டர் வீட்டுக்காரி பேசுறேன். எம் பேரு அழகுத்தாய். நீங்க எழுதுனதக் காட்டித்தான் எல்லாம் நடந்துச்சு. ஒங்களக் கொறை சொல்ல பேசல. அதுல என்னதான் எழுதியிருக்கீகன்னு ஒருக்கா சொல்லுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது."

அவள் சொன்னாள். அழகுத்தாய் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள்.

ரேணுகா மில்லுக்குப் போன் செய்து வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே வளாகத்துக்கு வண்டியை விட்டாள். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் அறையில் பால்ச்சாமி இல்லை. சங்கர் என்று புது ஆள் உட்கார்ந்திருந்தார். "இன்னையிலருந்து நான் பாக்கச் சொல்லியிருக்காக," என்றார். மேசையில் பதிவேடு இருந்தது. தான் எழுதிய பக்கத்தைப் பார்க்கத்தான் புரட்டினாள்.

பால்ச்சாமியின் கையெழுத்து பெரிசு, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினதுபோல. தினமும் ஆறு ஊருக்கும் ஆறு எண். வால்வு மூடிக்கொள்ளும் நேரத்தில் கொஞ்சம் கூடப் போகும், அதனால் நாளுக்கு நாள் மாறும். 60,021. 60,047. 60,016. கடைசி ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை 60,034. திங்கள் 60,034. செவ்வாய் 60,034. புதன், வியாழன், வெள்ளி. தண்ணீர் ஓடிய ஞாயிறு போக, நேற்றுவரை ஒன்பது நாளும் அதே எண்ணை அந்த மனிதர் திரையில் பார்த்துப் பார்த்து அப்படியே எழுதி வைத்திருந்தார்.

தண்ணீர் ஓடினால் இரண்டு நாள்கூட ஒரே எண் வராது. வியாழக்கிழமை ஒரு பக்கம் முன்னால் புரட்டியிருந்தால் அவள் கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்கே நான்கு வரி இருந்தது.

ஓடிப்போய்க் குழியைப் பார்த்தாள். முழங்கால் அளவு தண்ணீர். காலையில் ஐந்து வால்வுகளும் திறந்ததும் குழாய் இணைப்புகளில் கசிந்து நிரம்பியிருக்கிறது. மதியத்துக்குள் மண் குடித்துவிடும். இறங்கினாள். ஐந்தாவது கவுன்ட்டருக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒயர் தண்ணீருக்குள் போய்த் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தது. கையை விட்டுத் துழாவினாள். டேப் சுற்றிய ஓர் ஒட்டு தட்டுப்பட்டது. யார் எப்போது போட்டதோ. வெட்டி எடுத்து டேப்பைப் பிரித்தாள். உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகி, ஒரு கம்பி பொடியாக உதிர்ந்தது.

நனைந்தால் செத்துவிடும். காய்ந்தால் பேசும். ஒவ்வொரு காலையும் பூஜ்யமாக்கச் சொல்லும் உத்தரவு கவுன்ட்டருக்குப் போகவே இல்லை. கவுன்ட்டரிடமிருந்து எண்ணும் வரவில்லை. கன்ட்ரோலர் தன்னிடமிருந்த பழைய எண்ணையே இன்றைய எண்ணாக வைத்துக்கொண்டு, இந்த ஊருக்குப் போதுமான அளவு போய்விட்டது என்று வால்வைத் திறக்காமலே இருந்திருக்கிறது. மதியம் அவள் வந்தபோது ஒயர் காய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் அதே பழைய எண். எல்லாம் சரி.

(இந்த இடத்தில் மனிதர்களுக்கு நடுவே அறுந்துபோகிற ஒயர்களைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தால், மன்னியுங்கள். அது ஒயர். களிம்பு ஏறிய ஒயர்.)

புது ஒயரை நீருக்கு மேலே தூக்கிக் கட்டி ஒட்டுப்போட இருபது நிமிடம் ஆனது. எண்ணைத் தானே பூஜ்யமாக்கினாள். எட்டரைக்கு டக்கென்று சத்தம் கேட்டது.

6

நல்லமுத்துவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதரைப் பற்றியல்ல, நான் எழுதியதைப் பற்றி. முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசையும் கடுத்த குரலும் கொடுத்தேன். வாசித்துக் காட்டியபோது ரேணுகா நிறுத்தினாள். "அப்படி இல்ல சார். தங்கமான மனுசரு. அதான் எனக்கு..." முடிக்கவில்லை.

தண்ணீர் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு அவர் மோட்டார் சைக்கிளில் வளாகத்துக்கு வந்தார். இடுப்புவரை சேறாக நின்ற பெண்ணைப் பார்த்ததும் சங்கரை அதட்டி நாற்காலி கொண்டுவரச் சொன்னார். தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார்.

"எந்த ஊரும்மா? யாரு வீட்டுப் பிள்ளை?"

அவள் சொன்னாள்.

"அட, அப்ப எனக்கு மக முறையில்ல வருது! உக்காரு தாயி, உக்காரு."

அவள் உட்காரவில்லை. வெட்டி எடுத்த ஒட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை தான் எழுதியது தப்பு என்பதையும் சொன்னாள். அவர் கண்ணருகே வாங்கிப் பார்த்தார்.

"இத்தனூண்டு கம்பியா?"

"ஆமா பெரியப்பா. பால்ச்சாமி அண்ணே ஒரு சொட்டுத் தண்ணிகூடத் தொடல. ஊர்ல நீங்கதான் சொல்லணும்."

அவர் அந்தக் கம்பியைப் பத்திரமாக அவள் கையிலேயே திருப்பி வைத்தார். "சரி விடு. அதான் தண்ணி வந்துருச்சுல்ல. இனிமே போயி அதக் கிண்டுனா வீணா ரெண்டு பக்கமும் மனஸ்தாபம். அவனுக்கு என்ன இப்ப, காலுல விழுந்தா தேஞ்சா போயிருவான்?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். மோரைக் குடிக்கச் சொன்னார்.

7

அவள் பால்ச்சாமியின் வீட்டுக்குப் போனாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். அழகுத்தாய் அந்த வரிசையில் இல்லை.

உள்ளே பால்ச்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"உக்காருங்கண்ணே. ஒயருதான். நீங்க சொன்னது சரி. காலையில வந்திருந்தேன்னா..."

"தெரியும்மா. டக்குன்னு கேட்டுச்சாமே. சங்கர் போன் பண்ணான்."

"இன்னிக்குச் சாயங்காலம் நானே மந்தையில வந்து சொல்றேன். என் மேலதான் தப்புன்னு சொல்றேன். இந்தா, கம்பியக் காட்டுறேன்."

பால்ச்சாமி கம்பியைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேணாம் தாயி. நேத்து விழுந்தது நான் ஒருத்தன்தான். நீங்க வந்து சொன்னீகன்னா அவுக தப்புன்னு ஆயிரும். அவுக தப்புன்னு ஆகிப்போச்சுன்னா அதுக்கப்புறம் எங்க தெருவுல எவன் நிம்மதியா இருப்பான்? இப்ப எல்லாருக்கும் தண்ணி வருது. கெடக்கட்டும்."

"அப்ப நீங்க?"

"எனக்கென்ன."

அழகுத்தாய்தான் வெடித்தாள். "எனக்கென்னவா? ஏழு வருசம் அந்தக் கொழாய்களப் பிள்ளையப் பாக்குற மாதிரி பாத்தாரே இந்த மனுசன்! ராத்திரி வால்வு சத்தம் மாறுனாக்கூட எந்திரிச்சு ஓடுவாரு! களவாணின்னு பேரு வாங்கிட்டு எனக்கென்னங்கிறாரு!" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே வரிசையில் சத்தம் நின்றுபோனது. பால்ச்சாமி பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

ரேணுகா கும்பிட்டாள். அவர் கூச்சத்தோடு விலகினார். "நீங்க எதுக்கும்மா... போயிட்டு வாங்க."

8

நடந்தது இவ்வளவுதான். பதிவேட்டில் அன்றைக்கே அவள் முழுப்பக்கம் எழுதினாள்: கோளாறு என்ன, எப்படி வந்தது, தான் எதைக் கவனிக்கத் தவறினாள், ஆபரேட்டர் குற்றமற்றவர். அடுத்த வாரம் அந்தப் பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று கொடுத்தார்கள். பழைய பக்கத்தைப் போட்டோ எடுத்து யாரும் எந்தக் குரூப்பிலும் போடவில்லை.

முடிவுகள் சிலவற்றை முயன்றேன்.

முடிவு ஒன்று: ரேணுகா மந்தைக்குப் போய்ச் சொல்கிறாள். ஊர் தலை குனிகிறது. நல்லமுத்து பால்ச்சாமியின் கையை... (கையை என்ன? பிடிக்கிறாரா? எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: ரேணுகா வேலையை விடுகிறாள். அவள் விடவில்லை. இப்போது எந்த ஊரில் கூப்பிட்டாலும், கோளாறு எந்த நேரத்தில் வருகிறதென்று கேட்டு அந்த நேரத்துக்குப் போகிறாள். அதனால் பால்ச்சாமிக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று அவளே சொல்கிறாள்.

முடிவு மூன்று: அழகுத்தாய் ஒருநாள்...

இல்லை. முடிவு எழுதுவதற்கு முன்னால் வேறொன்று இருந்தது. சொல்ல வேண்டாம் என்று அந்த மனிதர் கதவைச் சாத்தினார். நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெயரை மாற்றி, ஊரை மறைத்து, அழகாகப் பத்தி பிரித்து. அவரிடம் கேட்காமல் இதை அனுப்ப முடியாது.

9

புருசனும் பெண்டாட்டியும் ஊரை விட்டு அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டார்கள். அவர் ஒரு கல்யாண மகாலில் வாட்ச்மேன். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஏதோ காதுகுத்து. உள்ளே மேளம். கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் படித்துக் காட்டியதைக் கேட்டார். காலில் விழுகிற இடம் வந்தபோது குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

படித்து முடித்தேன்.

"இத யாரு படிப்பாக?" என்றார்.

"கதை படிக்கிறவுகண்ணே. எங்கெங்கியோ இருக்கிறவுக."

"எங்க ஊர்க்காரவுக?"

யோசித்தேன். "படிக்க மாட்டாக," என்றேன்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

முகம் தெளிந்தது. "அப்பச் சரி. எழுதுங்க," என்றார். ஒரு கார் ஹாரன் அடித்தது. எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, உள்ளே போன காருக்கு சல்யூட் வைத்தார்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் எங்கெங்கோ இருக்கிறவராக இருந்தால் இது இங்கே முடிந்தது, பக்கத்தை மூடிவைக்கலாம். அந்த ஊர்க்காரராக இருந்தால், நான் அவருக்குக் கொடுத்த வாக்கு இந்த வரியில் பொய்யாகிறது. உங்களுக்கு இப்போது தெரியும். அருப்புக்கோட்டைக்கு உங்கள் ஊரிலிருந்து பஸ் இருக்கிறது. அவர் கேட்டிலேயேதான் இருப்பார், யாராவது வந்து நின்றால் எழுந்துகொள்வார்.